ஆற்றுங்கள், தேற்றுங்கள்: யூதர்களின் துக்க காலமும் ஆறுதலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யூதன் அல்ல. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, வேதாகமத்தின் புலம்பலையும் ஏசாயாவையும் சிறுவயதிலிருந்தே காதில் வாங்கி வளர்ந்தவன். இந்த இரண்டு நூல்களையும் யூதர்கள் ஒரே பருவத்தில், ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்வதுபோல வாசிக்கிறார்கள் என்பது அப்பா இறந்த வருடத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. அன்றிலிருந்து இதைப் பற்றிப் படிக்கிறேன், கேட்கிறவர்களிடம் பேசுகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தக் காலத்தைத் துக்க காலம் என்கிறார்கள்?

யூத நாட்காட்டியில் தம்மூஸ் மாதம் 17-ம் நாள் தொடங்கி ஆவ் மாதம் 9-ம் நாள் வரைக்கும் மூன்று வாரங்கள். நம் கணக்கில் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் வரும். 2026-ல் ஜூலை 2-ல் தொடங்கி ஜூலை 23-ல் முடிகிறது. எபிரேயத்தில் இதற்கு 'இடுக்கங்களுக்கு நடுவே' என்று பொருள்படும் பெயர். துரத்துகிறவர்கள் யூதாவை இடுக்கான இடங்களில் பிடித்தார்கள் என்று புலம்பலில் வரும் வரியிலிருந்து எடுத்தது.

தம்மூஸ் 17 எருசலேமின் மதில் உடைந்த நாள். ஆவ் 9 அங்கே இருந்த யூதர்களின் ஆலயம் எரிந்த நாள். யூத நாட்கள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும் என்பதால், ஆவ் 9 என்பது உண்மையில் முந்தின நாள் மாலையிலிருந்து மறுநாள் இருட்டும் வரை.

ஒரே நாளில் எத்தனை துயரம்? ஆவ் 9-ல் என்னென்ன நடந்தது?

யூதர்களின் பழைய வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா ஐந்து சம்பவங்களைச் சொல்கிறது. எகிப்திலிருந்து வந்த தலைமுறை வாக்குத்தத்த நாட்டுக்குள் போகக் கூடாது என்று தீர்ப்பானது. பாபிலோனியர் முதல் ஆலயத்தை அழித்தது (கி.மு. 586). கி.பி. 70-ல் டைட்டஸின் ரோமப் படை இரண்டாம் ஆலயத்தைக் கொளுத்தியது. கி.பி. 135-ல், ரோமரை எதிர்த்து எழுந்த யூதர்களின் பெத்தார் கோட்டை வீழ்ந்தது. கடைசியாக, எருசலேம் நகரமே ஏர் பூட்டி உழப்பட்டது.

பின்னால் வந்த துயரங்களையும் மக்கள் இந்த நாளோடு சேர்த்துக்கொண்டார்கள். 1492-ல் யூதர்கள் ஸ்பெயினை விட்டு வெளியேற்றப்பட்டதும் இதே பருவத்தில்தான். சிலுவைப் போர்க் காலத்தில் ரைன் நதிக்கரை ஊர்களில் யூதர்கள் கொல்லப்பட்டதைப் பாடும் ஒப்பாரிகளும், ஹிட்லர் காலத்துப் படுகொலையைப் பாடும் ஒப்பாரிகளும் இன்று அந்தக் காலையில் பாடப்படுகின்றன. தனித்தனியாக அழுவதற்கு ஆண்டில் நாட்கள் போதாது என்பதால், எல்லாத் துயரமும் இந்த ஒரு நாளுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

அந்த மூன்று வாரமும் வீடுகளில் எப்படி இருக்கும்?

ஐரோப்பிய மரபு யூதர்களிடம் மூன்று வாரமும் கல்யாணம் கிடையாது, முடி வெட்டுவது கிடையாது, பாட்டுக் கச்சேரி கிடையாது. ஆவ் மாதம் பிறந்தால் இன்னும் இறுகும். ஓய்வுநாள் தவிர மற்ற நாட்களில் இறைச்சியும் திராட்சரசமும் நிறுத்தப்படும். ஸ்பானிய, கீழை மரபினரில் பலர் இந்தக் கட்டுப்பாடுகள் சிலவற்றை ஆவ் 9 வரும் வாரத்தில் மட்டும் கடைப்பிடிப்பார்கள்.

ஆவ் 9 அன்று?

முந்தின நாள் மாலையில் கடைசிச் சாப்பாடு. தரையில் உட்கார்ந்து, வேகவைத்த முட்டையும் ரொட்டியும். ஒரு துண்டு ரொட்டியைச் சாம்பலில் தொட்டுச் சாப்பிடும் வழக்கமும் உண்டு. கூடி உட்கார மாட்டார்கள், ஒவ்வொருவரும் தனியாகச் சாப்பிடுவார்கள். நம் நாட்டிலும் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. கொங்கண் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் இந்த நோன்பை மராத்தியில் 'பிர்டியாச்சா சண்' என்றார்கள். பிர்டா என்பது மொச்சை வகைப் பயறில் வைக்கும் குழம்பு. அந்தக் குழம்பின் பெயரே நாளின் பெயராகிவிட்டது.

அப்புறம் சுமார் 25 மணி நேரம் சோறு, தண்ணீர் இரண்டும் இல்லை. குளியல் இல்லை, எண்ணெய் இல்லை, தோல் செருப்பு இல்லை, தாம்பத்தியம் இல்லை. உடம்புக்கு முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு. ஜெப ஆலயத்தில் திருச்சுருள் பேழையின் திரையைக் கழற்றிவிடுவார்கள். விளக்கைக் குறைத்துவிட்டு, தரையிலோ தாழ்ந்த பலகையிலோ உட்கார்ந்து புலம்பலை வாசிப்பார்கள். வேதம் படிப்பது மகிழ்ச்சி தரும் என்பதால் அதுகூட அன்றைக்குக் கூடாது. யோபு, எரேமியாவின் துயரப் பகுதிகள், துக்கச் சட்டங்கள், இவை மட்டும் படிக்கலாம்.

ஒருவரை ஒருவர் பார்த்தால் 'ஷாலோம்' என்று சொல்வதுகூட இல்லை. எனக்கு மிகவும் கனமாகப் படுவது இதுதான். பசி தாங்கலாம். தெரிந்த முகத்தைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் கடந்துபோவது எப்படிப்பட்ட தனிமை!

புலம்பலில் ஆறுதல் ஏதாவது இருக்கிறதா?

முதல் அதிகாரத்தில் இல்லை. எருசலேம் அதில் ஒரு விதவை. "அவளைத் தேற்றுவார் ஒருவருமில்லை" என்ற பேச்சு அந்த ஒரே அதிகாரத்தில் சற்று மாறி மாறி ஐந்து முறை வருகிறது. நகரம் இடிந்ததைவிட, பக்கத்தில் உட்கார ஒருவர்கூட இல்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய வலி.

புலம்பலுக்கு ஐந்து அதிகாரங்கள். நடுவில் இருக்கும் மூன்றாம் அதிகாரத்தில்தான் அந்த வரி வருகிறது: "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள்." இது நூலின் முடிவு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்குப் பிறகும் பஞ்சம் வருகிறது, பிள்ளைகள் நாக்கு ஒட்டிக் கிடக்கிறார்கள். நம்பிக்கை துக்கத்தின் நடுவே ஒருமுறை வாய் திறந்துவிட்டு, மறுபடி துக்கத்துக்கே இடம் விடுகிறது. சொந்தத் துக்கத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும். மூன்றாம் வாரம் ஒரு காலையில் மனம் லேசாக இருக்கும், அன்று மாலையே பழைய பாரம் வந்துவிடும்.

நூலின் கடைசி வரி கடுமையானது, கடவுள் எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டாரோ என்கிற பொருளில் வருவது. அதோடு நிறுத்த யூதர்களுக்கு மனம் வரவில்லை. அதற்கு முந்தின வரியை மறுபடி சொல்லித்தான் முடிப்பார்கள்: "எங்களை உம்மிடத்தில் திருப்பிக்கொள்ளும், அப்பொழுது திரும்புவோம்." எழுதியதை மாற்றவில்லை, கடைசி வரியை மறைக்கவும் இல்லை. அந்தச் சொல்லோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்ற கரிசனம் மட்டும்தான்.

அப்படியானால் ஆறுதல் எப்போது தொடங்குகிறது?

அதே நாளின் மதியத்தில். தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் உச்சிப்பொழுதுக்குப் பிறகு எழுந்து நாற்காலியில் உட்காரலாம். கழற்றிய திரையைப் பல ஜெப ஆலயங்களில் மறுபடி மாட்டுவார்கள். காலையில் அணியாமல் விட்ட, கையிலும் நெற்றியிலும் கட்டும் ஜெபப் பட்டைகளைப் பிற்பகல் ஜெபத்தில் அணிவார்கள். சீயோனுக்காக, அதாவது எருசலேமுக்காக, துக்கப்படுகிறவர்களை ஆற்றும் என்ற ஒரு மன்றாட்டும் அந்தப் பிற்பகல் ஜெபத்தில் சேர்கிறது.

இதில் வியப்பு என்னவென்றால், மிஷ்னாவின் விரிவுரைத் தொகுப்பான தல்மூத்தின் கணக்குப்படி ஆலயத்தில் தீ வைத்ததே அந்தப் பிற்பகலில்தான். பெரும்பகுதி எரிந்தது மறுநாள். தீ மூளும் நேரத்திலா எழுந்து உட்காருவது? பழைய ரப்பிகள், அதாவது யூத மத ஆசான்கள், சொன்ன விளக்கம் இது: கடவுளின் கோபம் மரத்தின்மேலும் கல்லின்மேலும் கொட்டித் தீர்ந்தது, ஜனங்கள் பிழைத்தார்கள். கட்டடம் எரிகிறது என்று தெரிந்த அந்தக் கணத்திலேயே, இனி மனிதர்கள் மிஞ்சுவார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. இந்த விளக்கத்தை ஏற்பது எனக்கு எளிதாக இல்லை, ஏனென்றால் அந்த முற்றுகையில் மனிதர்களும் ஏராளமாகச் செத்தார்கள். ஆனால் மதியத்துக்கு மேல் தரையில் உட்கார வேண்டாம் என்று ஒரு சமூகம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை நான் மதிக்கிறேன்.

யூதர்கள் எதிர்பார்க்கும் மீட்பரான மெசியா அன்று பிறந்தார் என்ற கதை என்ன?

எருசலேம் தல்மூத்தில் இருக்கிறது. ஒரு யூதர் உழுதுகொண்டிருந்தார். மாடு கத்தியது. வழியே போன அரபியர் ஒருவர், "மாட்டை அவிழ்த்துவிடு, ஏரைக் கழற்று. உங்கள் ஆலயம் இடிந்துவிட்டது" என்றார். மாடு இரண்டாம் முறை கத்தியது. "மாட்டைப் பூட்டு, ஏரைக் கட்டு. உங்கள் மெசியா பிறந்துவிட்டார்" என்றார். பெயர் என்ன என்று கேட்டால், மெனாஹேம். அப்படியென்றால் 'தேற்றுகிறவர்'. "தேற்றுவார் ஒருவருமில்லை" என்று எருசலேம் அழுதபோது இல்லாத அதே ஆள். எபிரேயத்தில் இரண்டும் ஒரே சொல்தான்.

இதனால் ஆவ் 9 பிற்பகலில் வீட்டைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் வழக்கம் சில சமூகங்களின் பெண்களிடம் வந்தது. ஆவ் மாதத்தையே 'மெனாஹேம் ஆவ்' என்று சொல்வதும் உண்டு.

'நஹமூ ஓய்வுநாள்' என்கிறார்களே, அது எது?

ஆவ் 9-க்கு அடுத்து வரும் சனிக்கிழமை. 2026-ல் ஜூலை 25. அன்று ஏசாயா 40-ம் அதிகாரம் வாசிக்கப்படும். அதன் முதல் சொல் 'நஹமூ', அதை உடனே இன்னொரு முறையும் சொல்கிறார் தீர்க்கதரிசி: நஹமூ, நஹமூ. ஏன் இரண்டு முறை? இடிந்தது இரண்டு ஆலயம் என்பார்கள் சிலர். பாவமும் தண்டனையும் இரட்டிப்பானபோது ஆறுதலும் இரட்டிப்பாக வேண்டும் என்பது ஒரு பழைய விளக்கம்.

நம் தமிழ் வேதாகமத்தில் அதை "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்" என்று பெயர்த்திருக்கிறார்கள். எபிரேயத்தில் ஒரே சொல், தமிழில் இரண்டாகிவிட்டது. அது குறை என்று நான் நினைக்கவில்லை. ஆற்றுவது கொதிக்கிறதற்கு, புண்ணுக்கு. தேற்றுவது துவண்டு கிடக்கிறவருக்கு, மறுபடி பலம் வர. ஆறாத புண்ணோடு யாரும் தேற முடியாது. இந்த இரண்டு சொல்லையும் எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்று தெரிந்தவர் யாரோ அந்த வரியை எழுதியிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் என்ன நடக்கிறது?

என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது. துக்கத்துக்கு மூன்று வாரம், அந்த மூன்று சனிக்கிழமைகளிலும் கண்டனப் பகுதிகள் வாசிக்கப்படும். ஆறுதலுக்கு ஏழு வாரம். யூதப் புத்தாண்டு வரை ஏழு சனிக்கிழமைகளிலும் ஏசாயாவின் பின்பகுதியிலிருந்து வாசிப்பு.

ஆனால் நூலில் இருக்கும் வரிசையிலேயே இந்த ஏழும் வருவதில்லை. 40-ம் அதிகாரம், பிறகு 49, அப்புறம் 54-ன் பின்பாதி, திரும்பி 51, மறுபடி 54-ன் தொடக்கம் என்று முன்னும் பின்னும் போகிறது. ஏன் இப்படி? 14-ம் நூற்றாண்டில் செவில் நகரில் வாழ்ந்த தாவீது அபுதர்ஹாம் ஒரு பழைய விளக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். முதல் வரிகளை மட்டும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உரையாடல் தெரியும் என்கிறது அது.

கடவுள் தீர்க்கதரிசிகளிடம் சொல்கிறார்: என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்.

இரண்டாம் வாரம் சீயோன் பதில் சொல்கிறாள்: "கர்த்தர் என்னைக் கைவிட்டார், ஆண்டவர் என்னை மறந்தார்." ஆள் அனுப்பிச் சொல்லும் ஆறுதல் அவளுக்கு வேண்டாம்.

மூன்றாம் வாரம் தீர்க்கதரிசிகள் திரும்பிப் போய், அவள் ஆறவில்லை என்று தெரிவிக்கிறார்கள்: "சிறுமைப்பட்டவளே, பெருங்காற்றில் அடிபட்டவளே, தேற்றரவற்றவளே."

நான்காம் வாரம் கடவுளே நேரில் வருகிறார்: "நான் நானே உங்களுக்கு ஆறுதல் செய்கிறவர்."

ஐந்தாம் வாரம் மகிழ்ந்து பாடு என்கிறார்கள், ஆறாம் வாரம் "எழும்பிப் பிரகாசி" என்கிறார்கள். ஏழாம் வாரம்தான் அவள் தன் வாயால் சொல்கிறாள்: "கர்த்தருக்குள் பூரிப்பாய் மகிழுகிறேன்."

அப்பா இறந்த ஐந்தாம் நாளே, "போனது போச்சு, மனசைத் தேத்திக்கோ" என்று சொன்னவர்கள் உண்டு. அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த ஏழு வாரத்தைப் படித்தபோதுதான், ஆறுதலை வேண்டாம் என்று சொல்லவும் ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கண்டேன். சீயோன் மறுக்கிறாள், யாரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. போனவர்கள் திரும்பி வந்து, அவள் சொன்னதை உள்ளபடியே சொன்னார்கள். அவள் பூரிப்பதற்கு ஏழு வாரம் பொறுத்திருந்தார்கள்.

ரப்பி அகிவா ஏன் சிரித்தார்?

தல்மூத்தில் வரும் சம்பவம். ஆலயம் அழிந்த பிறகு நான்கு ரப்பிகள் எருசலேமுக்குப் போகிறார்கள். ஆலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலம் இருந்த இடத்திலிருந்து ஒரு நரி ஓடி வருகிறது. மூன்று பேர் அழுகிறார்கள், அகிவா சிரிக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: சீயோன் வயலைப்போல உழப்படும் என்று ஒரு தீர்க்கதரிசனம் இருந்தது. எருசலேமின் வீதிகளில் கிழவரும் கிழவியரும் மறுபடி உட்காருவார்கள் என்று சகரியா சொன்னது இன்னொன்று. முதலாவது நடந்துவிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டேன், ஆகவே இரண்டாவதும் நடக்கும்.

மற்றவர்கள், "அகிவா, எங்களைத் தேற்றினாய். அகிவா, எங்களைத் தேற்றினாய்" என்றார்கள். இங்கேயும் இரண்டு முறை.

இதைச் சொல்லி யாரையும் சிரிக்கச் சொல்லக் கூடாது. அகிவா அந்தப் பாழிடத்துக்கு அவர்களோடு நடந்து போனவர். அவர்கள் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார்.

ஆலயம் இல்லாமல் பலி எப்படி, பாவநிவிர்த்தி எப்படி?

இதே கேள்வியை ரப்பி யோசுவா இடிபாடுகளைப் பார்த்து அழுதபடி கேட்டார். அவருடைய ஆசான் யோகனான் பென் சக்காய், "மகனே, வருந்தாதே. அதற்கு நிகரான ஒன்று நமக்கு இருக்கிறது, அன்பின் செயல்கள்" என்றார். பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற ஓசியாவின் வார்த்தையை ஆதாரம் காட்டினார். பசித்தவனுக்குச் சோறு, நோயாளியைப் பார்ப்பது, பிணத்தை அடக்கம் செய்வது, துக்க வீட்டுக்குப் போவது எல்லாம் பலிபீடத்தின் இடத்துக்கு வந்தன.

எவ்வளவு துக்கப்படலாம் என்று அளவு உண்டா?

உண்டு. ஆலயம் விழுந்த பிறகு சிலர் இறைச்சியும் திராட்சரசமும் தொட மாட்டோம் என்றார்கள், இரண்டும் பலிபீடத்துக்குப் போனவை என்பதால். அதே யோசுவா அவர்களிடம் போனார். ரொட்டியும் காணிக்கையாகப் போனதே, அதையும் விடுவோமா? பழம்? தண்ணீர்கூட ஊற்றப்பட்டதே? அவர்கள் பேசாமல் இருந்தார்கள். துக்கப்படாமலே இருக்கவும் முடியாது, அளவுக்கு மீறித் துக்கப்படவும் முடியாது என்றார் அவர். வீட்டுக்குச் சாந்து பூசு, ஆனால் ஒரு சிறு இடத்தைப் பூசாமல் விடு. முழத்துக்கு முழம் என்று அந்த இடத்துக்கு அளவும் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணத்தில் கண்ணாடிக் கோப்பையை உடைப்பதையும் இந்த நினைவோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள்.

சொந்த வீட்டு மரணத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. வீட்டுத் துக்கம் ஏழு நாள், முப்பது நாள், பெற்றோருக்கு ஒரு வருடம் என்று படிப்படியாக இளகும். ஏழு நாளுக்கு 'ஷிவா' என்று பெயர், எபிரேயத்தில் ஏழு என்று பொருள். மூன்று வாரத் துக்கமோ இளக்கமாகத் தொடங்கி இறுகிக்கொண்டே போகிறது. 20-ம் நூற்றாண்டில் பாஸ்டனில் வாழ்ந்த ரப்பி ஜோசப் சொலவெய்சிக் இதற்குக் காரணம் சொன்னார். புதிய துக்கம் தானாகக் கொதிக்கிறது, அதை மெல்ல ஆற்ற வேண்டும். பழைய துக்கம் ஆறிக் கிடக்கிறது, அதை நாள் நாளாக நெருங்கித்தான் உணர முடியும்.

துக்க வீட்டில் சொல்லும் வாக்கியம் இரண்டையும் இணைக்கிறது: சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கப்படுகிற மற்றவர்களோடு சேர்த்து, கடவுள் உங்களையும் தேற்றுவாராக. உன் வீட்டு இழவு உன்னுடையது மட்டும் அல்ல என்று அது சொல்கிறது.

துக்கம் கேட்கப் போனால் என்ன பேச வேண்டும்?

அவர் பேசும் வரை எதுவும் பேசக் கூடாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்ததிலிருந்து வந்த சட்டம். முதல் சாப்பாட்டை அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவர வேண்டும், முட்டையோ மசூர் பயறோ. மசூருக்கு வாய் இல்லை, துக்கப்படுகிறவருக்கும் வாய் இல்லை என்கிறது தல்மூத். உருண்டையாக இருப்பதால், துக்கம் எல்லார் வீட்டுக்கும் சுற்றி வரும் என்றும் சொல்கிறது.

எருசலேம்தான் இன்று பெரிய நகரமாகிவிட்டதே, இன்னும் ஏன்?

யூதர்களே இதைக் கேட்டுக்கொள்கிறார்கள். பிற்பகல் மன்றாட்டில் அந்த நகரம் பாழாய், ஜனமின்றிக் கிடக்கிறது என்ற சொற்கள் வருகின்றன. எருசலேமின் பழைய நகரம் இஸ்ரேல் வசம் வந்த 1967-க்குப் பிறகு, கண்ணுக்கு முன்னால் ஜனம் நிறைந்த ஊரைப் பார்த்துக்கொண்டு எப்படி இதைச் சொல்வது என்று சில ரப்பிகள் சொற்களை மாற்றினார்கள். ஆலயம் இன்னும் இல்லையே என்று மற்றவர்கள் பழையபடியே சொல்கிறார்கள்.

ஆவ் 15 பற்றியும் கேள்விப்பட்டேன்.

ஆவ் 9 முடிந்து ஆறே நாள். எருசலேமின் பெண்கள் அன்று வெள்ளை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களில் ஆடுவார்களாம். யாரும் தன் உடையை உடுத்தக் கூடாது, இரவல் வாங்கித்தான் உடுத்த வேண்டும், இல்லாதவள் கூச்சப்படக் கூடாது என்பதற்காக. இதற்கு நிகரான மகிழ்ச்சி நாள் இஸ்ரவேலுக்கு இருந்ததில்லை என்கிறது மிஷ்னா. பாவநிவிர்த்தி நாளைத்தான் இதற்கு இணையாகச் சொல்கிறது.

யூத நண்பர் இருக்கிறார். ஆவ் 9 அன்று நான் என்ன செய்யலாம்?

வாழ்த்து சொல்ல வேண்டாம், சாப்பிடக் கூப்பிட வேண்டாம். தெரியாமல் வணக்கம் சொல்லிவிட்டால் மெதுவான குரலில் பதில் சொல்வார், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். மறுநாள் நலம் விசாரிக்கலாம்.

அன்று இரவு அவர் இருக்கும் ஊரில் வானம் தெளிவாக இருந்தால், நோன்பு முடிந்ததும் செருப்புப் போட்டுக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மற்றவர்களோடு வெளியே போய் நிற்பார். வளர்பிறை நிலவுக்கான ஆசீர்வாத ஜெபத்தை ஆவ் மாதத்தில் அந்த இரவு வரை தள்ளி வைப்பது பலருடைய வழக்கம். அந்த ஜெபத்தின் நடுவே பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்த்து ஒன்று சொல்ல வேண்டும், மூன்று பேருக்குச் சொல்ல வேண்டும்: "ஷாலோம் அலெய்கெம்." பகல் முழுக்க யாரும் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த அதே வார்த்தை. அவர்கள் திருப்பிச் சொல்வார்கள்: "அலெய்கெம் ஷாலோம்."